ஒளிர்ந்த கடிகாரங்களும் உக்கிய எலும்புகளும்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கும் ஓறேஞ் நகரில், 1917இல் ஒரு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இருளில் ஒளிரும் றேடியப் பூச்சைக் கடிகார முகப்புகளில் தீட்டுவது அதன் தொழில். முதலாம் உலகப்போர்ப் படையினருக்கு இரவில் நேரம் பார்க்க இக்கடிகாரங்கள் தேவைப்பட்டன, வியாபாரம் பெருகியது. 1921இல் அந்நிறுவனம் 'யுனைட்டட் ஸ்ரேற்ஸ் றேடியம் கோர்ப்பரேஷன்' எனப் பெயர் பெற்றது.

பூச்சு வேலை செய்தோர் இளம்பெண்கள். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். தீட்டிய முகப்பின் எண்ணிக்கைக்கே கூலி. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு பழக்கப்பட்டனர். தீங்கில்லை என்றும் உறுதி கூறப்பட்டனர். றேடியத்தைக் கையாண்ட இரசாயனவியலாளருக்கோ ஈயத் திரைகளும் இடுக்கிகளும் இருந்தன.

உடல் றேடியத்தைக் கல்சியம் என ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. பற்கள் உதிர்ந்தன, தாடைகள் உக்கின. 1922இல் மொலி மாஜியா என்ற பெண் இறந்தபோது, சிபிலிஸ் என்னும் பாலியல் நோயே காரணம் எனப் பதியப்பட்டது. 1927இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. பாலியல் நோயின் தடயம் இல்லை.

நிறுவனம் அறியாமற் செய்த பிழையா இது? 1924இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிசில் டிரிங்கர் குழு, நோய்க்கு றேடியமே காரணம் என அந்நிறுவனத்துக்கே அறிக்கை அளித்தது. நிறுவனம் அதனை மறைத்து, தொழிலாளர் நலமாக உள்ளனர் என்று மாநிலத் தொழிற்றிணைக்களத்துக்குக் காட்டியது. 1925இல் வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட் உண்மையை நிறுவினார்.

கிரேஸ் பிரையர் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டுபிடிக்கவே ஈராண்டுகள் அலைந்தார். 1927இல் ஐந்து பெண்கள் வழக்காடினர். ஈராண்டுக் காலக்கெடு கடந்துவிட்டது என்றது நிறுவனம். நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவது! 1928 யூனில் வழக்கு சமரசமாக முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலர், ஆண்டுக்கு 600 டொலர், வைத்தியச் செலவு என்பன வழங்க இணங்கிய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1933இல் கிரேஸ் பிரையர் மறைந்தார்.

கையாளும் இரசாயனம் எதுவென அறியும் உரிமையை நியூ ஜேர்சி 1983இல் சட்டமாக்கியது. ஓறேஞ் தொழிற்சாலை நிலம் மத்திய அரசின் நச்சுநிலப் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டிலேதான். றேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் செல்லும்.

புதிய நாட்டில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொள்ளும் நம்மவர், கலனில் இருப்பது என்னவென்று கேட்கத் தயங்குவதுண்டு. தயங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கான உரிமையை உயிர் கொடுத்து ஈட்டியோர் இம்மாநிலத்துப் பெண்களே.