சவுக்க காலம்

இராமநவமி வந்துவிட்டால், பெங்களூர் சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி வளாகத்தை நாடிச் செல்வது இந்நகர்வாழ் தமிழருக்கும் நெடுநாள் வழக்கம். ஸ்ரீ ராமசேவா மண்டலியார் 1939-ஆம் ஆண்டில் தொடங்கிய இசைவிழா அது. ஒரு கீர்த்தனம் நிதானமாக நடந்தேறினால், தமிழரும் கன்னடரும் ‘சவுக்கம்’ என்ற ஒரே சொல்லால் அதைப் பாராட்டுவர். அச்சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்வோம்.

கன்னடத்தில் ‘சௌக’ என்றால் சதுரம். இங்குப் பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்திலேயே இதைக் கற்றுவிடுகிறார்கள். தமிழிலும் சதுரத் துணிக்குச் சவுக்கம் என்று பெயருண்டு. தெலுங்கில் ‘சௌக’ என்பது மலிவையும் குறிக்கும். ஆனால் இசையில் சவுக்கம் மலிவான சரக்கன்று.

மெதுவாகப் பாடுவதே சவுக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. புரந்தரதாசர் வகுத்தவை எனப் போற்றப்படும் சரளி வரிசைகளை மூன்று காலங்களில் பாடும்போது, தாளம் போடும் கை ஒரே சீராகத்தான் விழுகிறது. தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. இரண்டாம் காலம் என்றதும் பிள்ளைகள் கையையே விரைவாக்கி விடுவார்கள்; பிழை அங்கேயே தொடங்குகிறது. கையின் சீருக்குக் காலப்பிரமாணம் என்று பெயர். சவுக்க காலத்தில் அந்தக் கை மிக மெல்ல விழவேண்டும்; விழுந்தும், இறுதிவரை அளவு மாறலாகாது. இரு தட்டுகளுக்கு இடையே அகன்று கிடக்கும் வெளியைக் கமகமும் மூச்சும் நிரப்பவேண்டும். நிரப்ப இயலாதவர் தம்மையறியாமல் விரைந்துவிடுவார். துரிதத்தில் மறையும் குறைகள் சவுக்கத்தில் மறைவதில்லை.

இந்நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்கு நல்லார், இயக்கம் நான்கு என்று கூறி, முதல்நடை, வாரம், கூடை, திரள் எனப் பெயரிடுகிறார். மெல்லச் செல்வது முதல்நடை. முடுகிச் செல்வது திரள். இடைப்பட்ட இரண்டையும் அவர் வேகத்தால் மட்டும் விளக்கவில்லை. கூடைக்குச் சொல்லும் இசையும் செறிந்து வருவதையே இலக்கணமாகக் கொள்கிறார். 1892-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையை அச்சேற்றினார். ஆயினும் அப்பெயர்கள் பாடகர் நாவிற்குத் திரும்பவில்லை. தஞ்சையில் நாயக்கரும் மராத்தியரும் ஆண்ட காலத்தில் தெலுங்கே சங்கீத சாகித்தியத்தின் மொழியாயிற்று. கலைச்சொற்களும் அதற்கேற்ப மாறின. முதல்நடை ஏட்டில் தங்கியது, சவுக்கம் வழக்கில் வாழ்ந்தது. இது நமக்குச் சற்றே வருத்தந்தான்.

அதற்காகச் சவுக்கத்தை அயலார் சொல்லென்று தள்ளுவதற்கும் இல்லை. அதை வளர்த்தவர்களில் தமிழர் பலர். தஞ்சை நால்வருள் மூத்தவரான சின்னையா (1802–1856), மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையை அடைந்து தொண்டாற்றினார். பரத நாட்டியத்தின் நடுநாயகமாகிய பதவர்ணம் அச்சகோதரர்களின் கையில் சிறந்தது. அதற்குச் சவுக்க வர்ணம் என்றும் பெயர். ஒரே அடியைப் பலவாறு அபிநயித்துக் காட்ட, நடனமாடுபவருக்கு அந்த அகன்ற காலம் இடந்தருகிறது.

பிற்காலத்தில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) மத்திம காலத்தை மையமாக வைத்துக் கச்சேரி முறையை அமைத்தார். அது சபையோரைக் கவர்ந்தது. எனினும் அவரது முறையிலும் சவுக்கத்திற்கு ஓரிடம் உண்டு. பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் சலங்கை கட்டி வர்ணம் ஆடும்போது, நட்டுவாங்கம் செய்பவரின் தாளம் மெல்ல விழுவதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள்; மைசூருக்குச் சின்னையா கொண்டுவந்த காலம் அதுதான்.