சார்பெழுத்தும் சார்புப் பொதியும்

தனித்து நில்லாமல் பிறிதொன்றைச் சார்ந்து ஒலிக்கும் எழுத்தைத் தமிழ் இலக்கண மரபு சார்பெழுத்து என்று வகுத்தது. தொல்காப்பியம் அதனை மூன்றாகக் கொண்டது; நன்னூல் பத்தாக விரித்தது. எண்ணிக்கை வேறுபட்டாலும், எது எதைச் சார்ந்தது என்பதைப் பெயரிட்டு எழுதிவைப்பதில் இரு நூல்களும் ஒன்றுபட்டன. கணினி வரலாற்றிலும் அவ்வாறு எழுதிவைத்தலே ஒரு பெருஞ்சிக்கலைத் தீர்த்தது. எழுதிவைக்கத் தவறிய இடத்தில் தமிழ் ஆவணங்கள் வாசிக்க இயலாதவை ஆயின.

கோப்பைத் திறத்தல், எழுத்தைத் திரையில் காட்டுதல் போன்ற பொதுப்பணிகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்வதில்லை. அவற்றுக்கென நிரலகங்கள் உள்ளன. ஒரே நிரலகத்தைப் பல நூறு நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் இடமும் உழைப்பும் மிச்சமாகின்றன. ஆயினும், நிரலகம் புதிய பதிப்புக்கு மாறும் நாளில் பழைய பதிப்பை நம்பியிருந்த நிரல் இயங்காமல் நின்றுவிடக்கூடும். 1990களின் தொடக்கத்தில் பரவிய ஸ்லாக்வேர் லினக்ஸின் பொதிகள், தாம் எவற்றைச் சார்ந்தவை என்று சொல்லவில்லை. தேவையானதைக் கண்டறிந்து நிறுவும் பொறுப்பு பயனரின் தலையில் இருந்தது.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் வேறு வழியை வளர்த்தெடுத்தது. அதன் ஒவ்வொரு பொதியும் தன்னுடன் ஓர் அறிக்கையைச் சுமந்து வந்தது: எந்தப் பொதி, எந்தப் பதிப்பு தனக்குத் தேவை, எதனோடு தான் ஒவ்வாது, எதனை நீக்கிவிட்டுத் தான் அமரும். இந்த ஏற்பாட்டுக்குக் கடுஞ்சோதனையாக வந்தது, 1998 ஜூலையில் வெளியான 2.0 பதிப்பு. ஏறத்தாழ எல்லா நிரல்களும் சார்ந்திருந்த சி நிரலகமே அப்போது ஐந்திலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியது. பழையதும் புதியதும் வெவ்வேறு பெயர்களில் ஒரே கணினியில் அருகருகே இருக்க இடமளித்து, நிரல்களை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றினர்.

1999 மார்ச்சில் வந்த 2.1 பதிப்பு, ‘ஆப்ட்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அது அறிக்கைகளையெல்லாம் படித்து, எதை முதலில் நிறுவுவது, எதை நீக்குவது என்று திட்டமிடுகிறது; வழி காணாதபோது, முரண்படும் பொதிகளின் பெயரைச் சொல்லி நிற்கிறது. இம்முரண் பெரும்பாலும் வேற்றுப் பதிப்புக்குரிய களஞ்சியங்களைக் கலப்பதால் எழுகிறது. அவ்வேளையில் அயல் களஞ்சியத்தை விலக்குவதா, ஒரு பொதியைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைப்பதா, இரண்டில் ஒன்றை நீக்குவதா என்பதை மனிதர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பயனர் அஞ்சும் அந்தப் பிழைச்செய்தி உண்மையில் ஒரு சாட்சியம்: சார்புகள் எழுதப்பட்டிருப்பதால்தான் முரண் எங்கே என்று கருவியால் சொல்ல முடிகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதன் பொதிகளும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

அதே ஆண்டுகளில் தமிழ்க் கோப்புகளின் நிலை நேர்மாறாக இருந்தது. பாமினி எழுத்துருவில் அகரம், ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் அமர்ந்திருந்தது. வேறு எழுத்துருக்கள் வேறு அடுக்குமுறைகளைக் கொண்டிருந்தன. உரை தன் எழுத்துருவை முற்றிலும் சார்ந்திருந்தது. ஆனால், வெறும் உரைக்கோப்பு அச்சார்பை எங்கும் அறிவிக்கவில்லை. கணினி புதுப்பிக்கப்பட்டு எழுத்துரு காணாமற்போனதும், எந்தப் பிழைச்செய்தியும் இன்றி உரை பொருளற்ற குறிகளாக மாறியது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழாயினும், சென்னையில் உருவான முனைவர் பட்ட ஆய்வேடாயினும் கதி ஒன்றே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் உருவாக்கிய திஸ்கியும் பரவியது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது.

இம்மாற்றத்தைக் கடந்து நின்ற முயற்சிகளுள் ஒன்று, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த அதன் மின்னூல்கள், திஸ்கி வடிவிலா ஒருங்குறி வடிவிலா என்பதை முகப்பிலேயே அறிவித்தன. திஸ்கியில் எகர ஒகரக் கொம்புகள் மெய்யெழுத்துக்கு முன்னே, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன. ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னே வரும். ஆகவே மாற்றுநிரல், குறிகளை மாற்றுவதோடு அவற்றின் வரிசையையும் திருப்ப வேண்டியிருந்தது. மூலம் எந்தக் குறியேற்றம் என்று எழுதப்பட்டிருக்கும்போது அது எளிய பணி. எழுதப்படாதபோது அது ஊகம்.

பழைய வட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் பெயரறியா எழுத்துருக்களில் கிடக்கும் தமிழ் இன்னும் உண்டு. அதைத் திறப்போர் முதலில் செய்ய வேண்டியது, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் கண்டறிந்து கோப்பின் தலையில் ஒரு வரி எழுதிவைப்பது. ஒருங்குறிக்கு மாற்றும் பணி பிறகு நடக்கலாம். அந்த எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருப்போர் பிறகு கிடைப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.