முதலில் மீட்டர், பிறகு கணிப்பொறி



செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனைக் கவனிக்கும் பாட்டாளி வேலைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்? நெருப்பையல்ல. நீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயையும், நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் வட்ட மீட்டரையுந்தான் பார்க்கிறார். அந்த மீட்டருக்குள் இருப்பது வளைந்த ஓர் உலோகக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்தச் சிறு அசைவே ஊசியைத் திருப்புகிறது. பாரிஸ் நகரத்து யூஜின் பூர்டோன் என்பவர் இதற்கு 1849ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, ஓட்டுநரின் கண் முன்னே இருந்ததும் இத்தகைய மீட்டரே. பின்னர் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் செந்தூல் ரயில் பட்டறையிலும் வாழ்ந்து உழைத்த நம்மவர் பலருக்கு இந்த ஊசியைப் படிப்பது கைவந்த கலையாக இருந்தது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது காரைப் பற்றி. தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கும் ஷா ஆலத்துக்கும் போய்ப் பட்டறை வேலை பழகும் இளைஞர்களில் பலர், பழைய கார் ஒன்றை வாங்கி, வேறு இஞ்சின் பூட்டி, தமக்குப் பிடித்தபடி உருவாக்க ஆசைப்படுகிறார்கள். அதற்கென விற்கப்படும் இஞ்சின் கணிப்பொறியையும் மீட்டர்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. விடை காண, இந்தக் கணிப்பொறி வந்த கதையைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. ஷா ஆலம் தொழிற்சாலையில் உருவான அந்தக் காரின் மிட்சுபிஷி இஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். இஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றின் வேகம் பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகும். இதைச் சரி செய்ய ஒரு திருப்புளியும் நல்ல காதும் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம்மிடையே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அவர்கள் கண்ணே மீட்டர்.

ஆனால் மேல்நாடுகளில் வேறொரு முயற்சி முன்னரே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு முறையை உருவாக்கியது. 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. பலன் என்ன? தொல்லை தாங்காமல் பெரும்பாலான கார்கள் கார்புரேட்டருக்கே திரும்பின! அந்தக் காப்புரிமைகளைக் கொண்டு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மேலும் உழைத்து, 1967இல் வோல்க்ஸ்வாகன் 1600 காரில் வெற்றி கண்டது. அதன் பெயர் டி ஜெட்ரோனிக். அந்த ‘டி’ அழுத்தம் எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோல் விட்டது அந்தப் பெட்டி. கொதிகலன் தொழிலாளி ஊசியைப் பார்த்து விறகைத் தள்ளுவதும் இதுவும் ஒரே வேலைதான், நேயர்களே.

அடுத்து 1976இல், வோல்வோ கார்களில், புகைக்குழாயில் எஞ்சிய பிராணவாயுவை உணரும் உணர்கருவி ஒன்று வந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அதைவிடக் கூடுதலா குறைவா என்பதை இது சொன்னது. 1979இல் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே கணிப்பொறி ஆளும் முறையும் பாஷிடமிருந்து வந்தது. 1980களில் ஆஸ்திரேலியாவில் ஹால்டெக், மோட்டெக் போன்ற நிறுவனங்கள் தோன்றி, எந்த இஞ்சினுக்கும் பொருத்தி நாமே கணக்கெழுதக்கூடிய கணிப்பொறிகளை விற்கத் தொடங்கின.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குத் தேவை எப்படி வந்தது? ஜப்பானில் கழித்த கார்களின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் ‘ஹாப் கட்’ வியாபாரத்தால் வந்தது. பழைய புரோட்டோன் கார்களில் இருந்தவை மிட்சுபிஷி வழி வந்த இஞ்சின்கள். ஆகவே அதே குடும்பத்தைச் சேர்ந்த, டர்போ உள்ள இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டுவது அவ்வளவு கடினமாக இல்லை. இஞ்சினோடு அதன் கணிப்பொறியும் வயர்களும் முழுமையாக வந்தால், எதையும் மாற்றாதவரை அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. பெரிய டர்போ வைத்தாலோ, உள் பாகங்களை மாற்றினாலோதான் பழைய கணக்கு பொய்யாகிறது.

அப்போது மூன்று வழிகள் உண்டு. இருக்கும் கணிப்பொறிக்குள் எழுதியிருப்பதை மாற்றி எழுதலாம். அந்த வகைக்கு வழி தெரிந்தவர் இருந்தால் இது சிக்கனம். இரண்டாவது, உணர்கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே ஒரு பெட்டியை வைத்து, வரும் செய்தியைத் திரித்து அனுப்பலாம். இதை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒரு பொய்யை நம்பி இஞ்சின் ஓடுகிறது. மூன்றாவது தனித்தியங்கும் கணிப்பொறி. விலை கூடுதல், வயர் வேலையும் கூடுதல். ஆனால் எல்லாம் நம் கையில்.

இங்கே நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். காப்பார் பக்கம் ஆலையில் கொதிகலன் வேலை பார்த்தவரின் மகன், இரண்டு ஆண்டுச் சேமிப்பில் டர்போ இஞ்சின் ஒன்றையும், கைமாறி வந்த தனிக் கணிப்பொறியையும் வாங்கிப் பூட்டினான். காற்று–பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டரை ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டான். அந்தப் பணம் விளிம்புகளுக்குப் போயிற்று. மூன்றாம் வாரம் முழு வேகத்தில் போகும்போது ஒரு பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. கணிப்பொறியில் குற்றமில்லை. அது கணக்குப்படி இன்ஜெக்டரைத் திறந்தது. பழைய பெட்ரோல் பம்ப் களைத்துப் போய், அழுத்தம் இறங்கியிருந்தது. பெட்ரோல் குறைந்து, வெப்பம் ஏறி, அலுமினியம் உருகியது. உடைந்த பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்த தந்தை கேட்டார்: “அழுத்தம் காட்டும் மீட்டர் எங்கேடா வச்சிருந்த?” அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுப் பணம்.

ஆகவே மீட்டரை முதலில் வாங்குங்கள். காற்று–பெட்ரோல் மீட்டரில் இரு வகை உண்டு. பழைய குறுகிய வகை, கூடுதல் அல்லது குறைவு என்று மட்டுமே சொல்லும். விளக்குகள் ஓடி அழகு காட்டும், அவ்வளவுதான். விரிந்த அளவுள்ள வகையே எண்ணைச் சொல்லும். டர்போ இஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது அந்த எண் 14.7இல் நிற்கக் கூடாது. 11க்கும் 12க்கும் பக்கத்தில் இருப்பதே வழக்கம்.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். பட்டறையில் மின்யாக் ஹீத்தாம் எனப்படும் இஞ்சின் எண்ணெய்க்குப் பல கார்களில் சிவப்பு விளக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது எரியும்போது அழுத்தம் அநேகமாகப் போய்விட்டது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. இன்றும் அது ஒரு வழிகாட்டி. நீர்ச் சூடு மீட்டரிலும் ஓர் ஏமாற்று உண்டு. பல கார்களில் ஊசி நடுவிலேயே நிற்கும்படி தொழிற்சாலையிலேயே செய்திருக்கிறார்கள். மேலும், நீர் முழுவதும் வடிந்துவிட்டால் உணர்கருவி வெறும் காற்றில் நின்று, சூட்டைக் குறைத்துக் காட்டக்கூடும். கொதிகலனில் நீர் மட்டக் கண்ணாடி தனியாக இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

கணிப்பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் பெயரைவிட, அதற்குக் கணக்கெழுதும் ஆள் யார் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அந்த வகையை அறிந்தவர் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த பெட்டியானாலும் வேண்டாம். தட்டல் சத்தத்தை உணரும் கருவியை ஏற்குமா, எண்ணெய் அழுத்தம் இறங்கினால் இஞ்சினைத் தானே நிறுத்துமா, ஓடியதைப் பதிவு செய்து காட்டுமா என்றும் கேளுங்கள். வேலை முடிந்ததும் வயர் வரைபடத்தையும் கணக்குக் கோப்பின் நகலையும் வாங்கிவிடுங்கள். எழுதியவர் கடையை மூடிவிட்டால், பூட்டிய பெட்டி வெறும் பெட்டியே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பரிசோதனைக்குப் பின் புதிய இஞ்சின் எண் பதிவில் ஏற வேண்டும். ஹாப் கட் வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் ரசீதும் இறக்குமதிப் பத்திரங்களின் நகலும் கேட்டு வாங்குங்கள். இஞ்சின் எண்ணை நீங்களே துணியால் துடைத்துப் பார்த்து, பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.