ஊர் மாறிய எஸ்கேப்

திருவண்ணாமலையில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளை டைப் கிளாஸில் சேர்ப்பது இன்றும் உள்ள வழக்கம். லோயர் முடித்து ஹையரும் பாஸ் செய்துவைத்தால் குரூப் 4 எழுதும்போது தட்டச்சர் வேலைக்காவது உதவும் என்பது பெற்றோர் கணக்கு. வகுப்பில் முதல் நாளே விரலுக்கு விரல் இடம் ஒதுக்கிவிடுவார்கள். இடது கைச் சுண்டுவிரலுக்கு ஆங்கில மெஷினில் ஏ, தமிழ் மெஷினில் ய. ‘யளனகபக’ என்று தாள் தாளாக அடித்து முடிப்பதற்குள் சுண்டுவிரல் தன் இடத்தை விட்டு நகராமல் இருக்கப் பழகிவிடும்.

அதே பிள்ளை சில வருடம் கழித்து இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து, லினக்ஸ் லேபில் விஐ எடிட்டரைத் திறக்கும்போது, டைப் கிளாஸில் இல்லாத ஒரு பட்டன் குறுக்கே வருகிறது. கீபோர்டின் இடது மேல் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் எஸ்கேப்தான் அது. பழக்கிய சுண்டுவிரலை நொடிக்கொருமுறை இடம்பெயர வைக்கும் இந்தப் பட்டன் ஆதியில் அந்த மூலையில் இல்லை. அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

எஸ்கேப்பைப் பெற்றவர் என்று சொல்லத்தக்கவர் பாப் பீமர். ஐபிஎம்மில் வேலை பார்த்தவர். 1960 வாக்கில் ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வைத்திருந்தது. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. பீமர் ஒரு வழி சொன்னார்: ‘இதற்குப் பின்னால் வருவதை வழக்கமான எழுத்தாகப் படிக்காதே, வேறு முறைப்படி புரிந்துகொள்’ என்று இயந்திரத்துக்கு அறிவிக்க ஒரு குறி இருக்கட்டும். 1963-இல் ஆஸ்கி தரம் வந்தபோது அந்தக் குறிக்கும் அதில் இடம் கிடைத்தது. இன்று அதன் எண் 27. பிறந்தபோது அதற்கு ‘தப்பி ஓடு’, ‘ரத்து செய்’ என்ற வேலையெல்லாம் கிடையாது. ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறுவதுதான் அதன் வேலை.

அந்த வேலையை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியவர் பில் ஜாய். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1976-ஐ ஒட்டி, அவர் விஐ எடிட்டரை எழுதினார். அதில் இரண்டு நிலைகள் முக்கியம். இன்சர்ட் நிலையில் தட்டுவது எழுத்தாக விழும். நார்மல் நிலையில் அதே பட்டன்கள் கட்டளைகளாகிவிடும்: எக்ஸ் தட்டினால் ஓர் எழுத்து அழியும், டி இருமுறை தட்டினால் ஒரு வரி போகும். இன்சர்ட்டிலிருந்து நார்மலுக்குத் திரும்ப எஸ்கேப். நாலு வரி எழுதி, ஒரு வார்த்தையைத் திருத்தி, மேலே போய் இன்னொன்றைச் சேர்த்தால் அதற்குள் இரண்டு மூன்று எஸ்கேப் விழுந்திருக்கும்.

இந்த வடிவமைப்புக்கு அன்றைய தேவை இருந்தது. வீட்டிலிருந்து நொடிக்கு 300 பிட் போகும் மோடத்தில் அவர் வேலை செய்தார். அந்த வேகத்தில் நொடிக்கு 30 எழுத்துதான் வரும். 80 எழுத்து அகலமும் 24 வரியும் கொண்ட ஒரு திரை நிறைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஒற்றை எழுத்தில் முடியும் கட்டளைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அவர் முன் இருந்த டெர்மினல், லியர் சீக்லர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ. அதன் கீபோர்டைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எச், ஜே, கே, எல் பட்டன்களின் மேலேயே நாலு அம்புக்குறி அச்சிட்டிருந்தார்கள். விஐயில் கர்சரை நகர்த்த அந்த நாலு எழுத்து வந்தது அதனால்தான். ‘ஹோம்’ என்ற வார்த்தையும் நெளிகோடும் ஒரே பட்டனில் இருந்தன. யூனிக்ஸில் வீட்டு அடைவைக் குறிக்க இன்றும் நெளிகோடு போடுகிறோம். கன்ட்ரோல், ஏ-க்குப் பக்கத்தில். எஸ்கேப், க்யூ-வுக்கு இடப்பக்கம், இன்று டேப் இருக்கும் இடத்தில். ஏ மேல் இருக்கும் சுண்டுவிரலுக்கு அது ஒரே ஒரு வரிசை மேலே. பில் ஜாய் தொலைவில் இருந்த ஒரு பட்டனைத் தேடிப் பிடிக்கவில்லை. கைக்கெட்டிய பட்டனைத்தான் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எஸ்கேப், வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல வீடு மாறத் தொடங்கியது. 1981-இல் ஐபிஎம் பிசியின் 83 பட்டன் கீபோர்டில் அது எண் வரிசைக்கு ஏறி, 1-க்கு இடப்பக்கம் உட்கார்ந்தது. அப்போதும் கன்ட்ரோல் ஏ-க்குப் பக்கத்திலேயே இருந்தது. 1984-இல் வந்த ஏடி மாடலில் எஸ்கேப்பை வலது கைப்பக்கம், எண் பலகையின் தலைக்குத் தூக்கிவிட்டார்கள். அடுத்து வந்தது 101 பட்டன் கீபோர்டு. எஃப் வரிசைப் பட்டன்களைக் கொண்டுபோய் உச்சியில் வரிசையாக வைத்தார்கள். எஸ்கேப் அந்த வரிசையின் இடது கோடிக்குத் திரும்பியது. ஏ-க்குப் பக்கத்தில் இருந்த கன்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் தள்ளிவிட்டு அந்த நல்ல இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுக்கக் கீபோர்டு செய்தவர்கள் அதையே நகலெடுத்தார்கள். 2011-இல் தொடங்கி அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியிலும் அதே அமைப்புதான்.

கணக்குப் பார்த்தால், ஏ-யிலிருந்து எஸ்கேப் இப்போது மூன்று வரிசை மேலே. முழு அளவு கீபோர்டில் ஒரு வரிசைக்குச் சுமார் 19 மில்லிமீட்டர். எஃப் வரிசைக்கு முன் விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டும். சுண்டுவிரல் தனியாக அவ்வளவு தூரம் போகாது. மணிக்கட்டு திரும்பும், உள்ளங்கை எழும், மற்ற மூன்று விரலும் இடம் பெயரும். திரும்பி வந்ததும் எஃப் பட்டன் மேல் இருக்கும் சின்ன மேட்டைத் தடவித்தான் பழைய இடத்தைப் பிடிக்க வேண்டும். டைப் கிளாஸ் போகாதவருக்கு இது பெரிதாகத் தெரியாது, அவர் எப்படியும் பார்த்துத்தான் அடிக்கிறார். பார்க்காமல் அடிக்கப் பழகியவருக்குத்தான் வலிக்கிறது.

2016-இல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ப்ரோவின் மேல் வரிசையையே எடுத்துவிட்டுத் தொடுபட்டை ஒன்றை வைத்தது. எஸ்கேப் வெறும் கண்ணாடியில் தெரியும் படமானது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்று புரோகிராமர்கள் புலம்பினார்கள். 2019-இல் வந்த 16 அங்குல மாடலில் நிஜப் பட்டன் திரும்பி வந்தது. விஐயை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்தத் திரும்புதலே பதில்.

இன்று விஐ என்று தட்டினால் பெரும்பாலும் திறப்பது விம். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-இல் முதலில் வெளியிட்ட எடிட்டர் அது. அவர் 2023 ஆகஸ்டில் காலமானார். கோப்பு எதுவும் தராமல் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் ஒரு வரி திரையில் வரும். மென்பொருளுக்கு விலை வைக்காத அவர் கேட்டது அவ்வளவுதான். விம்மில் எந்தப் பட்டனையும் எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். எஸ்கேப்பின் அடுத்த பயணத்தை நடத்தியவர்கள் கம்பெனிகள் அல்ல, அதைப் பயன்படுத்தியவர்கள்.

அவர்கள் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, எதையும் மாற்றாமல் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடது சதுர அடைப்பைத் தட்டுவது. இது குறுக்குவழி இல்லை, எஸ்கேப்பேதான். அந்த அடைப்புக்குறியின் ஆஸ்கி எண் 91. டெர்மினலில் கன்ட்ரோல் சேர்ந்தால் அதில் 64 குறையும். மிச்சம் 27. இரண்டாவது, கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக்குவது. மூன்றாவது, இன்சர்ட் நிலையில் ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் எஸ்கேப் என்று விம்மின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவைப்பது. இரண்டு பட்டனும் விரலடியில் இருக்கின்றன. அந்த ஜோடி சேர்ந்து வரும் ஆங்கில வார்த்தையும் அநேகமாக இல்லை. இந்த மூன்றாவது வழி உலகெங்கும் பிரபலம்.

தமிழ் அடிப்பவருக்கு அது சரிப்படாது. திருவண்ணாமலையில் தீபத் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாமினி எழுத்துருவில் ஜே என்றால் த, கே என்றால் ம. ‘தமிழ்’ என்று அடிக்கத் தொடங்கினாலே முதல் இரண்டு தட்டு ஜே, கேதான். அந்த வரியைப் போட்டுவைத்த விம்மில் பாமினிக்கான எழுத்தை அடித்தால், ‘தமிழ்’ என்று எழுத முனைந்த ஒவ்வொரு முறையும் எடிட்டர் இன்சர்ட்டை விட்டு வெளியே குதிக்கும்.

யூனிகோடில் தமிழ்99 பலகை வைத்திருப்பவரின் சிக்கல் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. அடிக்கடி வரும் க, ப, ம, த நான்கும் வலது கையின் நடு வரிசையில். புள்ளி, இடது ஆள்காட்டி விரலடியில், எஃப் பட்டனில். தட்டச்சு மெஷினில் புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடிக்க வேண்டியிருந்ததை நினைத்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். பழகிய பலகையைக் கைவிடுவதா என்ற எதிர்ப்புக்கு நடுவில், ஒரு மொழிக்கே பட்டன்களை இடம் மாற்றிப் பார்த்த முயற்சி அது.

அந்தப் பலகையில் ஜே என்பது ப, கே என்பது ம. கணினியின் உள்ளீட்டு மொழி தமிழில் இருக்கும்போது விம்முக்கு ஜே, கே போய்ச் சேராது, ப, ம தான் போகும். எஸ்கேப் வேலை செய்யாது. சரி, பம என்ற ஜோடியையும் எஸ்கேப் என்று எழுதிவைப்போம் என்றால், பம்பரமும் நுட்பமும் குழப்பமும் பாதியில் நின்றுபோகும். எஸ்கேப் எப்படியோ விழுந்தாலும் தொல்லை தீராது. நார்மல் நிலைக்கு வந்த பிறகு ஒரு வரி கீழே போக ஜே தட்டினால் விம்முக்குக் கிடைப்பது ப. அதற்கு அது என்ன செய்யும்? மொழியையும் மாற்றிவிட்டு வர வேண்டும்.

இதற்கு விம்மிலேயே மருந்து இருக்கிறது. கீமேப் என்ற வசதியைப் போட்டால் எழுத்து மாற்றம் இன்சர்ட் போன்ற எழுதும் இடங்களில் மட்டும் நடக்கும். நார்மல் நிலை எப்போதும் ஆங்கிலத்தில் இருக்கும். எஸ்கேப் ஒன்றே போதும், மொழி தானாக விலகிக்கொள்ளும். யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி குறியாக்கத்துக்கான தமிழ் கீமேப் கோப்பு விம்முடனேயே வருகிறது. தமிழ்99-க்கு ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம். பட்டன் ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் என்று வரிக்கு ஒன்றாகப் போகும் சாதாரணக் கோப்பு அது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘முடி’ என்று தமிழிலேயே கட்டளை எழுதுகிறவருக்கும், நிரலில் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவருக்கும் இது நிஜமான தேவை.

எனவே தமிழ் அடிக்கும் கைக்கு எஸ்கேப்பின் சரியான வீடு கேப்ஸ் லாக் என்பேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. தமிழ்99-இல் கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் இருக்கிறது, பூட்டிவைக்க எதுவுமில்லை. சுண்டுவிரலை ஒட்டிய அவ்வளவு பெரிய பட்டன் நமக்குச் சும்மா கிடக்கிறது. அதை மாற்றுவதால் எந்தத் தமிழ் வார்த்தையும் இடறாது. மாற்றத்தை எடிட்டரில் செய்யாமல் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் செய்வது நல்லது. அப்போது நம் கணினியிலிருந்து எந்த சர்வருக்குள் நுழைந்தாலும் மாற்றம் கூடவே வரும். எடிட்டர் கோப்பில் எழுதியது அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும். லினக்ஸில் விசைப்பலகை அமைப்பின் கூடுதல் தேர்வுகளில் இது இருக்கிறது. மேக்கில் சிஸ்டம் அமைப்பிலேயே உண்டு. விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவி போதும்.

கல்லூரி லேபில் இதைச் செய்ய முடியாது. அடுத்த பேட்ச் மாணவர் வந்து உட்காரும் பொது மெஷினில் நம் இஷ்டத்துக்குப் பட்டனை மாற்றிவைத்தால் அவர் திண்டாடுவார். அங்கே கன்ட்ரோலும் சதுர அடைப்பும்தான் துணை. எந்த மெஷினிலும், யார் அனுமதியும் இல்லாமல், அது வேலை செய்யும்.

லேபில் விஐ சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டளைப் பட்டியலை போர்டில் எழுதும்போது ‘எஸ்கேப்’ என்ற வரிக்குப் பக்கத்தில் கன்ட்ரோலையும் அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதுங்கள். கேப்ஸ் லாக்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.