முயலகனும் பிக்காச்சுவும்

நடராசர் சிலையில் ஊன்றிய காலுக்குக் கீழே ஒருவன் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அபஸ்மாரம் என்றுதான் பெயர். தமிழிலும் பழைய நாளில் முயலகன் என்றே அந்த நோயைச் சொன்னார்கள். திருச்சிக்கு அருகே, இன்று திருவாசி என்று வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லி மழவன் என்ற குறுநில மன்னன் முயலகன் கண்ட தன் மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். ஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கோயில் நடராசர் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

எனக்கு இந்தக் கதையில் மனதில் நிற்பது வேறொன்று. ராஜாவாக இருந்தும், மகளுக்கு வலிப்பு என்பதை மறைக்காமல் ஊரறியக் கொண்டுவந்து கிடத்தினான். நம் வீடுகளில் அது நடக்குமா?

என் தங்கைக்குச் சிறுவயதில் வலிப்பு வந்தது. அப்போது புதுச்சேரியில் இருந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாலையோரப் புளியமரங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் விட்டுவிட்டு முகத்தில் அடிக்கும். இரண்டு தடவை அப்படிப்பட்ட இடத்தில்தான் விழுந்தாள். புளியமரத்துப் பேய் என்றார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், மந்திரித்தார்கள், வெளியே மூச்சு விடவில்லை. மரத்தைச் சந்தேகப்பட்டார்கள், வெயிலை யாரும் சந்தேகப்படவில்லை.

வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டவர்கள் அதற்கு முன்பே வேறு இடத்தில் இருந்தார்கள். 1946இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்பவர், விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் கண்ணுக்கு முன்னால் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்தார். பிரான்ஸில் மார்செய் நகரத்து டாக்டர் ஆன்ரி கஸ்தோவும் இதே வழியில் நிறைய ஆராய்ந்தார். இன்றும் இ.இ.ஜி. எடுக்கப் போனால் முகத்துக்கு நேரே ஒரு விளக்கை மின்ன விடுகிறார்களே, அது அங்கிருந்து வந்த வழக்கம். (பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் கிராண்ட் மால், பெட்டி மால் என்பதெல்லாம் பிரெஞ்சுச் சொற்கள். பெரிய நோய், சின்ன நோய் என்பதற்கு மேல் அவற்றில் ஒரு பொருளும் இல்லை.)

விஷயம் இதுதான். பார்வையைக் கவனிக்கும் மூளைப்பகுதி பின்மண்டையில் இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் சாதாரணமாக ஆளுக்கொரு வேலையாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு, வெளிச்சம் ஒரே தாளத்தில் மின்னினால் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து துடிக்க ஆரம்பித்துவிடும். விநாடிக்கு 15 முதல் 25 மின்னல் வரை மிகவும் ஆபத்து. நல்ல சிவப்பு நிறமாக இருந்தால் இன்னும் மோசம். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்த வகை. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் அதிகம், அதிலும் பெண்பிள்ளைகளிடம். வெளியிலிருந்து ஒன்று தூண்டி வலிப்பு வருவது நமக்குப் புதிதல்ல. தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வலிப்பு வருவதைப் பற்றி டாக்டர் கே.எஸ். மணியும் சகாக்களும் 1968லேயே எழுதினார்கள். கர்நாடகத்தில் அது நிறையப் பேருக்கு உண்டு.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. ஒரு வீட்டு டிவிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்தது. 'கிட்டே உட்காராதே, கண்ணு கெட்டுப்போகும்' என்று பிள்ளைகளை இழுத்துப் பின்னால் உட்கார வைத்தோம். சொன்ன காரணம் எப்படியோ, உத்தரவு நல்ல உத்தரவு. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இருந்த பழைய குழாய் டிவி விநாடிக்கு 50 தடவை துடிக்கும். கிட்டத்தில் பார்த்தால் அதன் கோடுகள் விநாடிக்கு 25 தடவை நடுங்குவது தெரியும். அமெரிக்காவின் 60ஐ விட இது ஒளி வலிப்புக்காரர்களுக்கு அதிகத் தொல்லை. இப்போதைய தட்டை டிவியில் அந்த நடுக்கம் இல்லை. ஆனால் திரையில் ஓடும் படமே மின்னினால் எந்த டிவியும் காப்பாற்றாது.

அது உலகத்துக்கே தெரிந்த நாள் 1997 டிசம்பர் 16. ஜப்பானில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், பிள்ளைகள் எல்லாம் போக்கிமான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய கதையில் பிக்காச்சுவும் கூட்டாளிகளும் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் உலகத்துக்குப் போகிறார்கள். அங்கே ஏவுகணையைப் பிக்காச்சு மின்சாரத்தால் தாக்க, திரை முழுவதும் சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 தடவை மாறி மாறி அடித்தது. சில விநாடிகள்தான். 685 பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரவுச் செய்தியில் அதே காட்சியைத் திரும்பக் காட்டினார்கள்; அதைப் பார்த்தும் சிலர் விழுந்தார்கள்! தொடர் நான்கு மாதம் நின்றது. அந்தப் பகுதி பிறகு எங்குமே ஒளிபரப்பாகவில்லை.

அதன்பின் ஜப்பானியர்கள் பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. 1998 ஏப்ரலில் ஒளிபரப்பாளர்களுக்கு விதி எழுதினார்கள். இங்கிலாந்தில் 1993லேயே ஒரு நூடுல்ஸ் விளம்பரம் சிலருக்கு வலிப்பை வரவழைத்து, அங்கே விதி வந்திருந்தது. பிரான்ஸில் 1996 ஏப்ரல் 23 தேதியிட்ட 96-360 எண் அரசாணை, வீடியோ கேம்களில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. (ஆணை என்றால் எண்ணும் தேதியும் சொல்லாமல் எனக்கு எழுத வராது.) 2009இல் நம் மத்திய அரசு தன் இணையதளங்களுக்கு வகுத்த நெறியிலும், விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இருக்கிறது.

டிவி நிலையம் என்றால் ஒளிபரப்பும் முன் படத்தைச் சோதிக்க ஆள் உண்டு. மெய்நிகர் உலகம் என்கிறார்களே, அங்கேதான் சிக்கல். 2003இல் செகண்ட் லைஃப் என்று ஒன்று வந்தது. அதற்குள் போகிறவர்களே வீடு கட்டுவார்கள், கடை போடுவார்கள், நடன அரங்கம் அமைத்து விளக்கு மின்ன விடுவார்கள். அந்த விளக்கு விநாடிக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று யார் போய் எண்ணுவது? பெரிய கம்பெனி செய்தாலும் தவறுகிறது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வந்தது. அதில் கதாபாத்திரம் தலையில் ஒரு கருவியை மாட்டும்போது சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் வேகமாக அடிக்கும். விமரிசனம் எழுத விளையாடிய ஒரு பெண்ணுக்கு அங்கேயே வலிப்பு வந்தது. அவர் எழுதியதும் சில நாளில் அந்தக் காட்சியை மாற்றினார்கள். இப்போது கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் வேறு. டிவி என்றால் முகத்தைத் திருப்பலாம். இதில் திரும்பினாலும் அதே உலகம்தான்.

என் பேரன் பெங்களூரிலிருந்து அப்படி ஒன்றைத்தான் திருமுல்லைவாயிலுக்குக் கொண்டுவந்தான். போட்டதும் முதலில் வலிப்பு எச்சரிக்கை வருகிறது. அவன் படிக்காமல் ஓகே அழுத்துகிறான். அதே விடுமுறைக்கு என் தங்கையின் பேத்தியும் வந்திருந்தாள், வயது 12. அவளுக்கு இந்த ஒளி வலிப்புதான் என்று இ.இ.ஜி.யில் தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமா, பையன்கிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்" என்றாள். படித்த பெண்.

அவளிடம் சட்டத்தைச் சொன்னேன். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், திருமணத் தகுதியைக் கெடுப்பவற்றில் திரும்பத் திரும்ப வரும் பைத்தியத்தோடு வலிப்பும் இருந்தது. 1999 திருத்தச் சட்டம் 'வலிப்பு' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் முகம் மாறவில்லை. நான் பையனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "விழுந்தா என்ன பண்ணணும் தாத்தா?" மின்னுவது கண்ணில் பட்டால் ஒரு உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல். கண்ணை மூடினால் மட்டும் போதாது, இமை வழியே வெளிச்சம் போகும். விழுந்துவிட்டால் பிடித்து அமுக்காதே. சுற்றியிருப்பதை விலக்கு, துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் தண்ணீரோ கையில் சாவியோ வேண்டாம். கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்குப் போன் போடு. இவ்வளவும் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.