கிரா எழுதிய கடிதம்

1599 நவம்பர் 16 அன்று இஸ்தான்புல்லிலிருந்து இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்கு இத்தாலிய மொழியில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் எஸ்பெரான்ஸா மால்கி என்ற யூதப் பெண். ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மெதின் தாய் ஸஃபியே கொடுத்தனுப்பும் பரிசுகளைப் பட்டியலிட்டுவிட்டு அவர் ஒன்று கேட்கிறார்: உங்கள் நாட்டில் முகத்துக்கென்று வடித்தெடுக்கும் வாசனை நீரும் கைக்குப் பூசும் தைலமும் அனுப்புங்கள், பெண்களுக்கான பொருள்கள் என்பதால் என் கை வழியாகவே வந்து சேரட்டும்.

அந்தப்புரத்துப் பெண்களின் அலங்கார ஆசை என்று சிரித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு இந்த நட்பு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பார்த்தால் அப்படிக் கடந்துவிட முடியாது.

1570இல் போப்பாண்டவர் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். கத்தோலிக்க ஸ்பெயின் பகையானது. புதிய சந்தைகளைத் தேடிய இங்கிலாந்து வணிகர்கள் ஒட்டோமான் பேரரசின் பக்கம் திரும்பினார்கள். 1578இல் வில்லியம் ஹார்போர்ன் இஸ்தான்புல் சென்றார். 1580இல் மூன்றாம் முராத் வணிக உரிமைகளை வழங்கினார். 1592இல் லெவண்ட் கம்பெனி உருவானது. கம்பளித் துணி, தகரம், ஈயம் கிழக்கே போயின; பட்டுநூல், பருத்தி, உலர்திராட்சை மேற்கே வந்தன. தகரமும் ஈயமும் பீரங்கிக்கும் குண்டுக்கும் வேண்டியவை. அங்கே ஏற்கெனவே காலூன்றியிருந்த பிரான்சும் வெனிசும் புதிய போட்டியாளரை விரும்பவில்லை. சுல்தான் மாறினால் உரிமைகளையும் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். எனவே சுல்தானிடம் யார் பேச்சு எடுபடும் என்பது ஆங்கிலேயர்களுக்கு முக்கியமான கேள்வி.

அப்படிப் பேசக்கூடியவராக இருந்தவர் ஸஃபியே. அல்பேனிய மலைநாட்டிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, முராதின் அந்தப்புரத்தில் சேர்ந்து, அவருடைய மகனைப் பெற்றவர். 1593இல் எலிசபெத், மாணிக்கமும் வைரமும் பதித்த தன் உருவப்படத்தை அவருக்குப் பரிசாக அனுப்பினார். ஸஃபியே ஆடைகளை அனுப்பினார். எலிசபெத்தின் காரியங்களைச் சுல்தானிடம் எடுத்துச் சொல்வதாகக் கடிதத்தில் வாக்களித்தார். 1595இல் முராத் இறந்து மெஹ்மெத் அரியணை ஏறியதும் அவர் வாலிதே சுல்தான், அதாவது அரசன் தாய் ஆனார். 1599இல் ஹெக்டர் என்ற கப்பலில் மெஹ்மெதுக்கு ஓர் இசைக்கருவியும் ஸஃபியேவுக்கு ஒரு குதிரை வண்டியும் வந்தன. ஒப்பந்தப்படி நடக்கும்படி மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பதில் எழுதினார். பரிசுப் பேச்சும் ஒப்பந்தப் பேச்சும் ஒரே தாளில் இருந்தன. அவற்றைப் பிரித்து, ஒன்றை அரசியல் என்றும் மற்றொன்றைப் பெண்கள் சமாச்சாரம் என்றும் பெயரிடுவது நம்முடைய வாசிப்புதான்.

ஸஃபியே அந்நியத் தூதர்களோடு முகம்பார்த்துப் பேச முடியாது. அந்த இடைவெளியில் வேலை செய்தவர்கள் 'கிரா' எனப்பட்ட பெண்கள். பெரும்பாலும் யூதர்கள். அந்தப்புரத்துக்குள் போய்வரும் உரிமை அவர்களுக்கு இருந்தது. துணியும் நகையும் கொண்டுசெல்வது, வெளியே கொடுக்கல் வாங்கலைக் கவனிப்பது, தூதர்களுக்கும் அரசகுலப் பெண்களுக்கும் நடுவே செய்தி சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எஸ்பெரான்ஸா அவர்களில் ஒருவர். 'என் கை வழியாகவே' என்று அவர் எழுதுவது வெட்கத்தால் மட்டுமல்ல. அந்த வழிதான் அவருடைய தொழில், அவருடைய அதிகாரம்.

அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார். 1600இல் ஸிபாஹி குதிரைப்படையினர், தங்களுக்கு மதிப்புக் குறைந்த வெள்ளிக்காசில் சம்பளம் தரப்பட்டதாகக் கலகம் செய்தார்கள். சுங்க வரி வசூலில் பங்கிருந்த ஸஃபியேவின் கிராவின் மீது பழி விழுந்தது. அவரையும் அவர் மகனையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் எஸ்பெரான்ஸாதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆத்திரம் அரசன் தாய் மீதும்தான். ஆனால் கைக்கு எட்டியவள் கிரா.

இதைப் பெண்களின் தோழமைக் கதையாக இனிப்பாக்கவும் வேண்டாம். எலிசபெத்துக்குச் சந்தை வேண்டியிருந்தது. ஸஃபியேவுக்குப் புகழும் செல்வாக்கும் வேண்டியிருந்தன. அடிமையாக வந்தவரைச் சுற்றி அடிமைப் பெண்களே ஏவல் செய்தார்கள். இரு அரசியரும் தங்கள் நலனைப் பார்த்தார்கள். நடுவில் நின்றவருக்கு மதில் பாதுகாப்பும் இல்லை, படையும் இல்லை.

1603இல் எலிசபெத் இறந்தார். அதே ஆண்டு மெஹ்மெதும் இறக்க, ஸஃபியே பழைய அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். வணிகம் நிற்கவில்லை. லெவண்ட் கம்பெனிக்காரர்கள் பலர் 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். ஸஃபியேவுக்கு வண்டி கொண்டுபோன ஹெக்டர், 1608இல் சூரத்துக்கு வந்து நின்றது. அந்தக் கம்பெனி பிறகு நம் கடற்கரையில் கோட்டை கட்டியதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம்.

ஸஃபியேவின் கடிதங்களைத் தேடிப் படித்து 1965இல் ஆய்வாக வெளியிட்டவர் சூசன் ஸ்கில்லிட்டர் என்ற பெண். ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டவர்களின் பெயர்கள் எப்படியும் கிடைத்துவிடும். அடுத்த முறை ஒரு பரிசுப் பட்டியல் கண்ணில் பட்டால், அதை யார் சுமந்துபோனார், கதவுக்கு உள்ளே யாரிடம் கொடுத்தார், பிறகு அவர் என்னவானார் என்று கேட்டுப் படியுங்கள்.