சேதுக் கரையின் பழங்கட்டடங்களும் வெளி விளக்குகளும்

இராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள இராமலிங்க விலாசம், சேதுபதி மன்னர்களின் கொலுமண்டபம். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிய கிழவன் சேதுபதியின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. முத்து விஜய ரகுநாத சேதுபதியின் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதன் உட்சுவர்களை ஓவியங்கள் நிறைத்தன. இராஜராஜேஸ்வரி அம்மன் மன்னருக்குச் செங்கோல் அளிப்பது, தஞ்சை மராத்தியருடன் நடந்த போர், ஐரோப்பியர் மன்னரைக் காண வருவது, இராமாயணக் காட்சிகள் எனப் பலவற்றை அங்கே காணலாம். இன்று அது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அருங்காட்சியகம்.

இத்தகைய கட்டடத்துக்கு வெளியே எவ்வகை விளக்குப் பொருத்தலாம்? விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தக் கட்டடம் தன் காலத்தில் எப்படி வெளிச்சம் பெற்றது என்று பார்ப்பது நல்லது.

சேதுபதிகள் காலத்தில் அரண்மனைச் சுவர்களை இரவில் ஒளியில் காட்ட வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. மாடக்குழியில் அகல் எரிந்தது. மண்டபத்தில் குத்துவிளக்கும் தூங்காவிளக்கும் எரிந்தன. வெளியே வெளிச்சம் வேண்டுமென்றால் தீவட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள்தான் நடந்தான். நவராத்திரி இங்கே அரச விழா. 1892இல் பாஸ்கர சேதுபதி நடத்திய நவராத்திரி வரலாற்று நூல்களில் தனி இடம் பெற்றது. அத்தகைய விழாக்களிலும் வெளிச்சம் மனிதர் உயரத்திலேயே இருந்தது. சுண்ணாம்புச் சுவர் அந்தச் சிறு சுடரை வாங்கித் திருப்பித் தந்தது.

தரையில் விளக்கை வைத்துச் சுவரை நோக்கி ஒளியைப் பாய்ச்சும் வழக்கம் மின்சாரம் தந்தது. 1952இல் பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கியது. அந்த வழக்கம் உலகெங்கும் பரவி, மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கும் வந்து சேர்ந்தது. காட்சி என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும், இரவு முழுவதும் எரியும் விளக்கு வேறு கதை. சுதந்திர நாளில் சென்னை ரிப்பன் மாளிகை மூவண்ணத்தில் ஒளிர்வதை ரசிக்கலாம். அதையே தினமும் கொலுமண்டபத்தின் மேல் பூசினால் திருமணப் பந்தலாகிவிடும் என்பது என் கருத்து.

நிறத்தை முதலில் முடிவு செய்துவிடலாம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 2000 கெல்வின். கடையில் "கூல் ஒயிட்" என்று விற்கும் எல்.இ.டி. 6000க்கு மேல். சுண்ணாம்புச் சுவரில் பின்னது விழுந்தால் நீலம் பாய்ந்து மருத்துவமனைச் சுவர் போலத் தெரியும். 2700 முதல் 3000 வரை உள்ள மஞ்சள் வெண்மை பொருந்தும்.

அடுத்தது சுவர். பழைய செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் துளையிட்டு ஆணி அடித்தால், துளை வழியே ஈரமும் உப்பும் உள்ளே போகும். துருப்பிடித்த ஆணி பருத்துக் காரையைப் பிளக்கும். 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொல்சின்னச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் துறையின் அனுமதியின்றி எதையும் செய்ய முடியாது. எனவே விளக்கு சுவரில் தொங்கக் கூடாது. சற்றுத் தள்ளித் தனிக் கம்பத்திலோ, எடுத்துவிடக்கூடிய பீடத்திலோ நிற்க வேண்டும். இராமலிங்க விலாசத்தில் இன்னொரு கவனமும் தேவை. சாளரம் வழியே உள்ளே நுழையும் ஒளி ஓவியத்தில் விழலாம். சாயம் ஒளியால் வெளுப்பது மெல்ல மெல்லச் சேரும் இழப்பு. பிறகு விளக்கை அணைத்தாலும் போன நிறம் திரும்பாது. ஒளிக்கற்றை குறுகியதாக, மறைப்புத் தகடு உள்ளதாக இருக்கும் விளக்கே இங்கு ஏற்றது.

இனி உப்பு. இந்தக் கரையில் விளக்குகளைக் கொல்வது அதுதான். இராமநாதபுரத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரு பக்கமும் கடற்காற்று. இராமேசுவரம் தீவுக்குப் போனால் இன்னும் கடுமை. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம், வாழ்நாள் முழுவதும் துருவோடு போராடியது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் வண்ணப்பூச்சும் இடம்பெற்றதற்குக் காரணம் இந்தக் காற்றே. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது.

விளக்குப் பெட்டியில் ஐ.பி. 65, ஐ.பி. 66 என்று அச்சிட்டிருப்பதைப் பலர் போதுமென நினைக்கிறார்கள். தூசியும் நீரும் உள்ளே புகாது என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். பெட்டியின் உலோகம் உப்பைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். துருவேறா எஃகிலும் 304ஐ விட 316 ரகம் உப்பைத் தாங்கும். அலுமினியக் கூட்டில் எஃகுத் திருகாணி போட்டால், மேல்நிலை வேதியியலில் படிக்கும் மின்கலம் அங்கேயே உருவாகிவிடும்: உப்பு ஈரம் மின்பகுளி, கரைவது அலுமினியம். இரண்டுக்கும் நடுவே நைலான் வளையம் போட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம்.

மழை படாத இடம் பாதுகாப்பானது என்று தோன்றும். அனுபவம் நேர் எதிர். இம்மாவட்டத்தில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அந்த மழையும் படாமல் தாழ்வாரத்தடியில் இருக்கும் விளக்கில் உப்பு கழுவப்படாமல் படிந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கைக்கு எட்டும் உயரத்தில் விளக்கு இருக்க வேண்டும். எல்.இ.டி.யில் பல்பைவிட, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர்தான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. அதைத் தனிப் பெட்டியில், எளிதில் திறக்கும்படி வைத்தால் முழு விளக்கையும் தூக்கி எறிய நேராது.

தீவின் கரையோரக் கட்டடங்களுக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. தனுஷ்கோடிக் கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் சிற்றாமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சம் மிகுந்த தொடுவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் அதை நோக்கி ஓடி மடியும். 2025 ஜூனில் அதே தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே தாழ்வாக, கீழ்நோக்கி, கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் செம்மஞ்சள் விளக்கே வைக்கலாம். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள ஒளி ஆமைக் குஞ்சுகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. பார்வையாளர் போன பிறகு தானே அணையும் நேரக்கருவியும் வேண்டும்.

வாங்குவதற்கு முன் நான்கைந்து மாதிரி விளக்குகளை இரவல் பெற்று, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் தரையில் வைத்துப் பார்க்கலாம். வெளியிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. ஒருவர் மேல்மாடத்தில் ஓவியச் சுவர் அருகே நின்று, எந்தச் சாளரம் வழியே எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்று சொல்ல வேண்டும்.